எழுபத்து நான்கு நாளில் இரண்டு கோப்பைகள்

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. ஐ-லீக் சீசனின் கடைசி நாள் அது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு மோதிக்கொண்டிருந்தது. பட்டியலில் சென்னை சிட்டி எஃப்.சி. முதலிடம், ஒரே ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால். அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால், இங்கே டிரா செய்தாலும் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயிக்கவும் செய்தது.

இடைவேளைக்குப் பிறகு பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் அசாமிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா ஒன்றல்ல, இரண்டு கோல் போட்டார். 3-1. இருபது ஆட்டங்களில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டிலிருந்து ஒரு அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது அதுதான் முதல் தடவை.

சரியாக எழுபத்து நான்கு நாள் கழித்து, மே 22 அன்று, லூதியானா குரு நானக் ஸ்டேடியத்தில் இன்னொரு இறுதி ஆட்டம். இந்தியப் பெண்கள் லீக். மதுரைப் பக்கத்திலிருந்து போன சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தியது. ஸ்கோர்கூட அதே ஸ்கோர்.

ஆக, அந்தக் கோடையில் நாட்டின் ஆண்கள் ஐ-லீக் கோப்பையும் பெண்கள் லீக் கோப்பையும் ஒரே மாநிலத்தில் இருந்தன. கால்பந்து என்றால் வங்காளம், கேரளம், கோவா, மணிப்பூர் என்று சொல்லிப் பழகிய நாட்டில் இது சாதாரணச் சேதி இல்லை. ஆனால் நமக்கு அப்போது வேறு கவலைகள் இருந்தன. மே 12-ம் தேதி ஹைதராபாத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் இறுதியில் சூப்பர் கிங்ஸ் ஒரு ரன்னில் மும்பையிடம் கோப்பையைக் கோட்டைவிட்டது. வாட்சனின் ரத்தம் தோய்ந்த முழங்காலைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. மே 23-ம் தேதி மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. இரண்டுக்கும் நடுவே, எண்ணிக்கைக்கு முந்தின நாள், பதினோரு பெண்கள் பஞ்சாப் வெயிலில் கோப்பை வாங்கினார்கள். டீக்கடையில் யாரையும் குறை சொல்ல முடியாது.

இந்த இரண்டு சீசன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். சென்னை சிட்டி இன்று எந்தத் தேசிய லீக்கிலும் இல்லை. சேது இருக்கிறது. ஏன்?

*

சேது எஃப்.சி.யின் பெயர் ஒரு பொறியியல் கல்லூரியின் பெயர். விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தில், புல்லூர் கிராமத்தில் 1995-ல் தொடங்கப்பட்ட சேது இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. அந்தக் கல்லூரி நிர்வாகத்தைச் சேர்ந்த சீனி மொகைதீன் 2016-ல் ஆரம்பித்த அணி இது. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற பாதையில், கண்ணுக்கெட்டிய தூரம் கருவேல மரங்கள் நிற்கிற பூமி. மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் வெளியூர். அந்த இடத்தில் பெண்கள் கால்பந்து அணி வைத்து இந்தியாவை ஜெயிக்கலாம் என்று 2016-ல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

கால்பந்துக் கிளப் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், செலவில் பெரும்பங்கு ஆட்டத்துக்குப் போவதில்லை. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. முப்பது பெண்களை வருஷம் முழுக்கத் தங்கவைக்க வேண்டும். காலையில் பயிற்சி முடிந்து வந்தால் முட்டையும் பாலும் தயாராக இருக்க வேண்டும். கணுக்கால் பிசகினால் பார்க்க ஆள் வேண்டும். பெற்றவர்கள் கேட்கிற முதல் கேள்விக்குப் பதில் வேண்டும்: "பாதுகாப்பா இருக்குமா சார்? படிப்பு என்னாகும்?" ஒரு தனியார் கிளப் இதையெல்லாம் பூஜ்யத்திலிருந்து கட்ட வேண்டும். ஒரு கல்லூரி நிர்வாகத்திடம் ஹாஸ்டல் ஏற்கெனவே இருக்கிறது, மெஸ் இருக்கிறது, கிரவுண்டு இருக்கிறது, பஸ் இருக்கிறது, வார்டன் இருக்கிறார். பெற்றவர்களிடம் காட்ட ஒரு பட்டப்படிப்பும் இருக்கிறது. என் கணக்கில் சேதுவின் ரகசியம் இவ்வளவுதான்.

2018-19 பெண்கள் லீக் எப்படி நடந்தது என்பதைச் சொன்னால் இன்றைய வாசகர் நம்பமாட்டார். பன்னிரண்டு அணிகள். எல்லாரும் லூதியானாவுக்கு வர வேண்டும். மே 5-ல் தொடக்கம், 22-ல் இறுதி. அதாவது தேசிய லீக் என்று பெயர் வைத்த ஒன்று பதினெட்டே நாளில் முடிந்துவிடும். ஆறு ஆறாக இரண்டு பிரிவு. இறுதிவரை போகிற அணி அந்தப் பதினெட்டு நாளில் ஏழு மேட்ச் ஆடும். அதுவும் மே மாதப் பஞ்சாபில். இதில் ஜெயிக்க, பதினோரு நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தால் மட்டும் போதாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை எழுந்து நிற்கிற கால்கள் வேண்டும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக ஓடிப் பழகிய கூட்டத்துக்கு அதில் ஒரு கை கூடுதல்.

பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். முன்வரிசையில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, சக்கைப்போடு போட்டார். அரையிறுதியில் எஸ்.எஸ்.பி. பெண்கள் அணிக்கு எதிராக எட்டு கோல், வாங்கியது ஒன்று. அதற்கு முந்தைய இரண்டு லீக் பட்டங்களில் ஒன்று மணிப்பூருக்கு, மற்றொன்று ஒடிசாவுக்கு. மூன்றாவது காரியாபட்டிக்கு.

சபித்ராவைப் பார்த்துவிட்டு, "வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்து ஜெயித்தார்கள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கொண்டுவந்தார்கள்தான். ஆனால் நடுக்களத்தில் நின்ற இந்துமதி கதிரேசனை யாரும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. அவர் கடலூர்க்காரர்.

கடலூரைப் பற்றித் தனியாகவே ஒரு அட்டைப்படக் கட்டுரை எழுதலாம். 2004 டிசம்பர் சுனாமி அந்தக் கடற்கரையில் எடுத்துக்கொண்டு போனவை போக, மிஞ்சிய பிள்ளைகளில் பலர் அரசுக் காப்பகங்களுக்கு வந்தார்கள். மாரியப்பன் என்கிற பயிற்சியாளர் அந்தப் பெண் குழந்தைகளிடம் பந்தைக் கொடுத்தார். ஒரு மாவட்டத் தலைநகரின் மைதானத்திலிருந்து இந்திய அணிக்கு வரிசையாகப் பெண்கள் போக ஆரம்பித்தார்கள். பண்ருட்டிப் பக்கத்து சந்தியா ரங்கநாதன் அரசுக் காப்பகத்தில் வளர்ந்து, அங்கிருந்து பந்தோடு வெளியே வந்து, இந்தியாவுக்குக் கோல் போட்டவர். இந்துமதி இந்திய அணியோடு தெற்காசியப் பட்டங்கள் வென்றார். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020 ஊரடங்கில் சென்னைச் சாலைகளில் தடுப்புக்கட்டைக்குப் பக்கத்தில் முகக்கவசத்தோடு நின்று, "எங்கே போறீங்க?" என்று வண்டிகளை நிறுத்திய போலீஸ்காரர்களில் அவரும் ஒருவர். இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர் தன் வண்டியை மறித்தார் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

லூதியானா திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவும் இல்லை. பதினைந்து மாதம் முன்னால், 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் இறுதியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்றிருந்தார்கள். மணிப்பூர் என்றால் அந்தப் போட்டியைக் குடும்பச் சொத்துபோல வைத்திருந்த மாநிலம். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று மறுபடியும் தேசிய சாம்பியன். நம் ஆண்கள் அணி இன்றுவரை சந்தோஷ் கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்பதையும் சேர்த்துப் படித்தால், தமிழ்நாட்டுக் கால்பந்தின் நிஜமான வரலாறு யார் காலில் இருக்கிறது என்பது விளங்கும்.

*

இப்போது சென்னை சிட்டி. பெயரில் சென்னை, ஆடியது கோவையில். 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஆரம்பித்த பழைய அணி. புதுப் பெயரோடு 2016-17-ல் ஐ-லீக்குக்குள் வந்தது. முதல் இரண்டு சீசனிலும் எட்டாவது இடம். இரண்டாம் சீசனின் நட்சத்திரம் மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரிக் கடலோரத்து இரவிபுத்தன்துறைக்காரர், 2018-ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். இருந்த ஒரே வைரமும் போன அணியிடம் யார் என்ன எதிர்பார்ப்பார்கள்?

உரிமையாளர் ரோஹித் ரமேஷும், சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸும் ஒரு முடிவெடுத்தார்கள். மற்ற கிளப்புகள் ஆப்பிரிக்காவில் உயரமான ஃபார்வர்டு தேடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஸ்பெயினின் கீழ்ப் பிரிவு லீக்குகளில் தேடினார்கள். நெஸ்டர் கோர்டிலோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ், ரோபர்ட்டோ எஸ்லாவா, கோல்கீப்பர் நௌசெட் சன்டானா. இவர்களோடு உருகுவேயில் பிறந்து ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்த மான்சி. அங்கே இவர்களுக்குச் சிலை வைக்கிற அளவுக்குப் பேர் இல்லை. ஆனால் பந்தைத் தரையில் வைத்து, சின்னச் சின்ன பாஸாக நகர்த்தத் தெரிந்தவர்கள். அவர்களைச் சுற்றி உள்ளூர்ப் பையன்கள்: எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார். ஐ-லீக்கில் அதுவரை பந்து பெரும்பாலும் ஆகாயத்தில்தான் பயணம் செய்துகொண்டிருந்தது. கோவையில் அது புல்லில் ஓடியது.

2018 அக்டோபர் 26, முதல் ஆட்டம், இந்தியன் ஆரோஸுக்கு எதிராக 4-1. மான்சி வந்த அன்றே ஹாட்ரிக். சீசன் முடிவதற்குள் நான்கு ஹாட்ரிக், மொத்தம் 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு சேர்ந்து அதிக கோல் அடித்தவர். கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலை அவர்கள் ஊரிலேயே 2-1, திரும்ப கோவையில் 2-1. இந்த இரண்டு வெற்றியும் இல்லையென்றால் அந்தக் கடைசி ஒரு புள்ளிக் கணக்கே கிடையாது. கடைசிக் கட்டத்தில் கோவாவில் சர்ச்சிலிடம் 2-3 என்று தோற்று, ரசிகர்களுக்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்து, பிறகுதான் அந்த மார்ச் 9.

ஜெயித்ததும் எல்லாம் கூடி வந்ததுபோல இருந்தது. ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஆசியப் போட்டிகளில் ஆடும் தகுதி வந்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனுக்குப் போய் ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றார்கள். மார்ச் 11-ல் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2. சொந்த ஊர் ஆட்டம் என்று பெயர், நடந்தது அகமதாபாத்தில். சில நாளில் கொரோனா எல்லாவற்றையும் மூடியது. மான்சி அதற்கு முன்பே ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போயிருந்தார். எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு, ரொமாரியோ எஃப்.சி. கோவாவுக்கு. இதற்கிடையில் இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று அறிவிக்கப்பட்டது. ஐ-லீக் ஒரு படி கீழே இறங்கியது. பங்கு விற்கவோ விளம்பரம் பிடிக்கவோ இருந்த காரணமும் அதோடு இறங்கியது. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியைக் காணவில்லை. கோப்பை வாங்கி இரண்டே வருஷம்.

அந்த அணியைக் குறை சொல்லி எழுத எனக்கு மனமில்லை. அந்த சீசனில் அவர்கள் ஆடிய ஆட்டம் இந்தியக் கிளப் கால்பந்தில் அபூர்வமானது. ஆனால் அதன் கீழே ஒன்றும் இல்லை. ஆட்டக்காரர்கள் போனதும் அணியும் போய்விட்டது, ஏனென்றால் ஆட்டக்காரர்கள்தான் அணியாக இருந்தார்கள். சேதுவின் கதை அப்படிப் போகவில்லை. சபித்ரா போனார், பின்னாளில் பிரான்ஸ் வரை போய் ஆடினார். பயிற்சியாளர்கள் மாறினார்கள். இந்துமதியும் பிறகு வேறு கிளப்புகளுக்கு ஆடினார். 2022 மே 26 அன்று புவனேஸ்வரம் கலிங்கா ஸ்டேடியத்தில் சேது மறுபடியும் கோப்பைக்கு ஒரு ஆட்டம் தூரத்தில் நின்றது. சேதுவும் கோகுலமும் அதுவரை ஆடிய பத்து ஆட்டத்தையும் ஜெயித்திருந்தன. கடைசி ஆட்டம் இருவருக்கும் இடையில். கோகுலம் 3-1. சேது இரண்டாமிடம். 2023-24-ல் பெண்கள் லீக் முதன்முறையாகச் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாதக்கணக்கில் நடக்கிற நிஜ லீக் ஆனபோது, அதில் இடம்பிடித்த ஏழு அணிகளில் சேதுவும் ஒன்று.

*

நான் இதை எழுதுவது அணுபுரத்திலிருந்து. இங்கே கால்பந்து பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கல்பாக்கத்து அணுசக்தித் துறை ஊழியர்களுக்கான குடியிருப்பு. படிப்புதான் இங்கே பிரதான விளையாட்டு. சாயங்காலம் மைதானத்தில் பந்து உதைக்கிற பையன்கள் பத்தாம் வகுப்பு வந்ததும் குறைவார்கள். பிளஸ் ஒன்னில் ஜே.இ.இ. வகுப்பு அவர்களை மொத்தமாக விழுங்கிவிடும். பெண் பிள்ளைகள் அதற்கு வெகுமுன்பே, ஏழாவது எட்டாவதிலேயே கிரவுண்டை விட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் இந்த மாவட்டத்தில் வேறு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் கல்லூரிக்குப் பஞ்சம் இல்லை. தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி, ஜி.எஸ்.டி. சாலையில் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்., பழைய மாமல்லபுரம் சாலையில் படூர் ஹிந்துஸ்தான். இவற்றுக்கு நடுவே வரிசையாகப் பொறியியல் கல்லூரிகள். பல கல்லூரிகளில் கால்பந்து அணியும் உண்டு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் உண்டு. இன்று ஐ.எஸ்.எல்.லில் பேர் சொல்லும் நந்தகுமார் சேகர் சென்னை லீக்கில் ஆடத் தொடங்கியது ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ் அணியில்தான்.

சிக்கல் சீசனில் இருக்கிறது. நம் கல்லூரிக் கால்பந்தின் சீசன் எவ்வளவு நாள்? மண்டலப் போட்டி சில நாள், பல்கலைக்கழகத் தேர்வு, தெற்கு மண்டலம், அதிர்ஷ்டம் இருந்தால் அகில இந்தியா. அகில இந்தியப் போட்டிக்கு சர் அசுதோஷ் முகர்ஜி பெயரில் கோப்பை இருக்கிறது. ஆனால் முதல் ஆட்டத்திலேயே தோற்ற கல்லூரிக்கு அந்த வருஷம் அத்தோடு சரி. மூன்று வருஷம் அணியில் இருந்த ஒரு பையன் மொத்தமாக ஆடிய போட்டிகள், ஒரு வெளிநாட்டுப் பள்ளி மாணவன் ஒரே வருஷத்தில் ஆடுவதைவிடக் குறைவாக இருக்கலாம்.

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் என்றால் வேறு ஆட்டம். தலைக்கவசம், கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற முட்டைப் பந்து. ஆனால் சீசன் என்பதன் பொருளை அவர்களிடம் பார்க்கலாம். இந்தியானா பல்கலைக்கழக அணி பல பத்தாண்டுகளாகத் தோல்விக்குப் பேர் போனது. 2025 ஆகஸ்டில் தொடங்கி 2026 ஜனவரி வரை பதினாறு ஆட்டம், பதினாறும் வெற்றி, மயாமியை இறுதியில் வென்று தேசிய சாம்பியன். அவர்கள் பணத்தைப் பற்றிப் பேசினால் நமக்குத் தலை சுற்றும், அதை விடுங்கள். ஐந்து மாதம் ஒரு அணி தொடர்ந்து ஆடிக்கொண்டே இருந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பணத்தைவிட அட்டவணைதான் முக்கியம்.

இந்தக் கடற்கரையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. மாமல்லபுரத்துக்கு அருகே எஃப்.சி. மெட்ராஸ் என்கிற தங்கிப் படிக்கும் கால்பந்து அகாடமி நடக்கிறது. தொடங்கியவர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம். மென்பொருளில் சம்பாதித்ததைச் சின்னப் பிள்ளைகளின் காலில் போடுகிறார். கோப்பைக்கு அவசரப்படாமல் பத்து, பன்னிரண்டு வயதில் ஆரம்பிக்கிற முறை. சென்னை சிட்டி போன பாதைக்கு நேர் எதிர்ப்பாதை இது. பலன் தெரிய இன்னும் பல வருஷம் ஆகும். அதுவரை காத்திருக்க அவரிடம் வசதி இருக்கிறது.

எல்லாரிடமும் ஒரு கிரிஷ் மாத்ருபூதம் இருக்க மாட்டார். ஆனால் புல்லூரில் இருந்தது மாதிரியான ஒரு வளாகம் இந்த மாவட்டத்தில் எத்தனையோ கல்லூரிகளிடம் இருக்கிறது. கடலூர் இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில மணி நேரம்தான். சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, புதுப்பட்டினம், கோவளம் குப்பங்களின் பெண் பிள்ளைகளுக்கு மணலில் ஓடிப் பழகிய கால்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு இலவச இடமும் ஹாஸ்டலும் கொடுத்து ஒரு பெண்கள் அணி ஆரம்பிக்க ஓ.எம்.ஆர். கல்லூரி ஒன்றுக்குப் புதிதாக ஆகிற செலவு என்ன என்று ஒரு உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். நல்ல கோச் ஒருவருக்குச் சம்பளம். பூட்ஸ். பிசியோ ஒருவர், பகுதி நேரமாக இருந்தாலும் போதும். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாத்தையும்விடக் கஷ்டமானது ஒண்ணு இருக்கு சார்," என்றார். "மேட்ச்சுக்குப் போன பொண்ணுங்களோட ஓ.டி. லெட்டர்ல முகம் சுளிக்காம கையெழுத்துப் போடற ஹெச்.ஓ.டி."